எண் இல்லாத தண்ணீர்

"கசிவு நோக்கர், தரம் இரண்டு. அமர்ந்து செய்யும் பணி. உடல் உழைப்பு குறைவு. அமைதியான சுபாவமும், நீண்ட நேரம் ஓரிடத்தில் இருக்கும் பொறுமையும் விரும்பத்தக்கவை. நாளொன்றுக்கு இருமுறை அளவெடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பு எதுவும் இப்பணிக்கு இல்லை."

நீர்த்தேக்க அலுவலகத்தின் பணி விவரக் கையேட்டில் இப்படித்தான் இருக்கிறது. எழுதியவர் யாரையோ மனத்தில் வைத்துத்தான் எழுதியிருப்பார். அந்த யாரோ இந்த அம்மாள் இல்லை.

அலுவலகத்தில் இவருக்குப் பெயர் சக்கரம். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டே பொறந்திருக்கு" என்று மதகு இயக்குபவர் எப்போதோ சொன்னதில் மற்றதெல்லாம் உதிர்ந்து, இந்த ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்தொன்பது. பணியில் சேர்ந்த அன்று அலுவலகம் கொடுத்த நாற்காலி பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகும் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது. தேநீரை நடந்துகொண்டே குடிப்பார். பிறகு கோப்பையை எங்கே வைத்தோம் என்று அதற்கும் ஒரு நடை நடப்பார்.

கணவர் தையல்காரர், நேர் எதிர். முழங்கால் சண்டித்தனம் செய்வதால் காலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். "எங்க வீட்ல உக்கார்ற வேலைய நான் மொத்தமா எடுத்துக்கிட்டேன். ஓடுற வேலை அவளுக்கு. பாகப்பிரிவினை ஆயிடுச்சு" என்பார், துணி தைக்க வருகிறவர்களிடம். கடையும் வீடும் ஒரே கட்டடம். அணையின் மண்கரைக்குக் கீழே, பத்து நிமிட நடையில், நான்காவது தெரு. சக்கரம் ஆறு நிமிடத்தில் வந்துவிடுவார்.

இனி அந்தக் கசிவைப் பற்றி. அலுவலகத்தில் எல்லோரும் புழங்குவது சீப்பேஜ் என்ற ஆங்கிலச் சொல். பெயர்ப்பலகையில் மட்டும் கசிவு. வீட்டில் ஏதாவது கசிந்தால் குழாய்க்காரரைக் கூப்பிட்டுத் திட்டுவோம். ரகசியம் கசிந்தால் வாயைத் திறந்தது யார் என்று தேடுவோம். மண்கரையில் கதை வேறு. மண்ணால் கட்டியது கசிந்துதான் ஆக வேண்டும். கசியாத கரையைக் கண்டால்தான் விஷயம் தெரிந்தவர்கள் கவலைப்படுவார்கள். "நம்ம கரைக்கு நல்ல சீப்பேஜ்" என்று பொறியாளர் சொல்வது, பிள்ளைக்கு நல்ல பசி என்று தாய் சொல்வது போன்ற ஒரு பெருமை.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் இதற்கெல்லாம் விளக்கம் அச்சடித்திருக்கிறார்கள். ஈரம் என்பது தொட்டால் தெரிவது, ஓடாதது. கசிவு என்பது மண்ணின் நுண்துளைகள் வழியே மெதுவாகவும் தெளிவாகவும் வெளிவருவது. ஒழுக்கு என்பது தனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவது. இவற்றில் உயிர் நிற்பது 'தெளிவாகவும்' என்ற ஒரு சொல்லில். தெளிந்து வரும் தண்ணீர் தண்ணீரை மட்டும் கொண்டுவருகிறது. கலங்கி வரும் தண்ணீர் கரையையே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக்கொண்டு வருகிறது.

கரையின் அடிவாரத்தில் மூன்று அளவிடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சிமென்ட் தொட்டி. அதன் வாயில், நடுவே கூம்பாக வெட்டிய ஒரு தகடு. வெட்டு வழியே எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போகிறது என்று பார்த்து எழுத வேண்டும். பிறகு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அதன் பின்னால் அச்செழுத்துள்ள அட்டையை வைத்துப் படிக்க வேண்டும். படிக்க முடிந்தால் தெளிவு, முடியாவிட்டால் கலங்கல். அலுவலக அட்டை என்றைக்கோ தொலைந்துபோனது. சக்கரம் கணவருடைய தையல் டேப்பை வைத்துப் பார்க்கிறார். டேப்பில் இருக்கும் பொடி எண்கள் பாட்டிலுக்குப் பின்னால் தெரிந்தால் கரை நலம்.

சென்ற ஆண்டு மூன்று தொட்டிகளிலும் தானியங்கிக் கருவி பொருத்தினார்கள். அது உயரத்தை அளந்து நேராகப் பொறியாளரின் மேசைக்கு அனுப்பிவிடும். நிறம் அதற்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி அது கவலைப்படுவதும் இல்லை; அந்த வகையில் கையேட்டில் சொன்ன அமைதியான சுபாவம் அதற்குத்தான் இருந்தது.

மழைக்காலம் தொடங்கி மூன்று வாரத்தில் அணையில் தண்ணீர் இரண்டு மீட்டர் ஏறியது. அதே மூன்று வாரத்தில் இரண்டாம் அளவிடத்தின் கசிவு அறுபத்திரண்டிலிருந்து நாற்பத்தெட்டுக்கும், பிறகு நாற்பத்தொன்றுக்கும் இறங்கியது. கருவியும் அதையே சொன்னது. பொறியாளர் முகத்தில் மலர்ச்சி. முப்பத்து நான்கு வயதுக்காரர், நல்ல மனிதர், நல்ல செய்தியை நம்பக்கூடியவர்.

"பாத்தீங்களாம்மா? கரை இறுகுது. வருஷம் ஆக ஆக மண்ணு செட் ஆயிடும்."

"தண்ணி ஏறுது சார், கசிவு எறங்குது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கலையே."

"நல்லது நடந்தாக்கூட உங்களுக்குப் பொறுக்காதா?"

"நல்லது சொல்லாம கொள்ளாம வந்தா பயமா இருக்கு சார்."

பொறியாளர் சிரித்தார். சக்கரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தொரு மில்லிமீட்டர் தண்ணீர் காணாமல் போயிருக்கிறது. பர்ஸ் தொலைந்தால் தேடுகிறோம். தண்ணீர் தொலைந்தால் கைதட்டுவதா?

அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அளவெடுத்தால் போதும் என்பது விதி. இடைப்பட்ட நேரத்தில் கரையின் அடிவாரத்தை முழு நீளத்துக்கும் நடந்தார். ஒரு கிலோமீட்டர் போக, ஒரு கிலோமீட்டர் வர. புல் எங்கே கூடுதலாகப் பச்சையாக இருக்கிறது என்று பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தார். நோக்கர் தன் அளவிடங்களை விட்டு விலகக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு; அதை மீறிப் பத்து நாள் நடந்தும் கிடைத்தது ஒரு முள்தான், வலது குதிகாலில்.

வீட்டிலும் அதே கதை. மூடிய குழாயை மறுபடி மூடினார். சமையலறைத் தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"தேடிப் போயி எதையாவது கண்டுபிடிச்சுத் தொலைக்காத" என்றார் கணவர், ஊசியில் நூல் கோத்தபடி. "கண்டுபிடிச்சவதான் பதில் சொல்லணும்னு உன் தலையில கட்டிருவாங்க."

"நான் போய்க் கண்டுபிடிக்கலேன்னா அது நம்ம வீடு தேடி வந்துரும்ங்க. நாலாவது தெருதானே, விசாரிக்கக்கூட வேணாம்."

கணவருக்கு நூல் இரண்டாவது முறையும் ஊசிக்குள் போகவில்லை.

திங்கட்கிழமை காலை பழைய பதிவேடுகளைப் பார்க்கலாம் என்று தோன்றியது. முன்பு எப்போதாவது இப்படி இறங்கியிருக்கிறதா? பதிவறை கரையின் இடது கோடியில், அடிவாரத்தை ஒட்டியே கட்டிய ஒற்றை அறை. பின்சுவர் கரையின் மண்ணில் சாய்ந்திருக்கும். சாவி வாங்கப் போனால் சாவி இல்லை. கொத்தனார் வாங்கிப் போயிருக்கிறார் என்றார்கள்.

பதிவறைப் பின்சுவரில் ஓதம் என்பது மூன்று ஆண்டுப் பழைய சங்கதி. முதலில் கூரை ஒழுகுகிறது என்று கூரையைப் பூசினார்கள். பிறகு கழிவறைக் குழாய் என்று சொல்லிக் குழாயை மாற்றினார்கள். பிறகு சுவரையே இரண்டு முறை பூசினார்கள். அது கட்டடப் பராமரிப்புப் பிரிவின் கோப்பு. கசிவுப் பிரிவுக்கு அதில் வேலை இல்லை. கசிவு என்றால் கரையில் வருவது, சுவரில் வந்தால் ஓதம். பதினாறு ஆண்டுகளாக ஒவ்வொரு சொட்டையும் எழுதிவைத்த பதிவேடுகள், யாரும் எழுதாத தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு அந்த அறையில் நின்றிருந்தன.

சக்கரம் போனபோது கொத்தனார் மூன்றாவது பூச்சுக்காகப் பழையதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கீழ்த்தட்டுப் பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. தரையில் தண்ணீர் ஒரு விரல் ஆழம். வாசற்படியில் ஓர் உடைப்பு. அதன் வழியே தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கால்வாயில் ஓடியதைப் பத்து நாளும் மழைத்தண்ணீர் என்றே தாண்டிப் போயிருந்தார்.

"இந்தப் படிய யாரு உடைச்சா?"

"நான்தான்க்கா, போன மாசம். தண்ணி தேங்குது, வெளிய போகட்டும்னு. அப்ப சும்மா ஈரமாத்தான் இருந்துச்சு. இப்பப் பாருங்க, ஆத்துல நின்னு பூச்சு வேலை பாக்குறேன்."

சக்கரம் குனிந்து கையை விட்டார். அணையின் அடித்தண்ணீர் மாதிரிச் சில்லென்றிருந்தது. இரண்டாம் அளவிடத்தில் தொலைந்த தண்ணீர் இதுதானோ என்று தோன்றியது. பையிலிருந்த பாட்டிலில் பிடித்து டேப்பை வைத்தார். நான்கா ஒன்பதா என்று தெரியவில்லை. பாட்டிலை வாசலில் அசையாமல் வைத்துவிட்டு, அசையாமல் இருக்க முடியாமல், அறையை எட்டு முறை சுற்றினார். பாட்டிலின் அடியில் மங்கலாக ஒரு படிவு தங்கியது.

"உங்க பூச்சு கரையுதா?" என்று கேட்டார்.

கொத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பூச்சா? அக்கா, வேற எதுல வேணா பழி போடுங்க. எலுமிச்சம்பழம் இருக்கா? சிமென்ட்டோ சுண்ணாம்போ இருந்தா புளிப்பு பட்டதும் பொங்கும்."

தேநீர்க் கடையிலிருந்து பழம் வந்தது. சுரண்டிப் போட்ட பூச்சின் மேல் பிழிந்தார்கள், நுரைத்தது. பாட்டிலின் படிவில் பிழிந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"மண்ணுதான்" என்றார் கொத்தனார், வழக்கில் ஜெயித்த குரலில். பிறகு பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சுவருக்குப் பின்னால் எந்த மண் இருக்கிறது என்பது அவருக்கும் உறைத்தது. கரண்டியை வாளியில் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார்.

மணி பத்தரை. சக்கரம் பாட்டிலோடு பொறியாளரிடம் போனார்.

பொறியாளர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது பில்டிங் செக்‌ஷன்ம்மா. நான் லெட்டர் போடுறேன். வியாழக்கிழமை மேலதிகாரி வர்றார், அவர்கிட்டயே காட்டிடுவோம்."

"வியாழக்கிழமை வரைக்கும் கரை இருக்கணுமே சார்."

"என்ன பண்ணச் சொல்றீங்க? மதகத் தொறக்கவா? எனக்கு முன்னாடி இருந்தவர் தொறந்தாரு. பொய்யான எச்சரிக்கை. அந்தக் கோடையில கீழ இருக்கற வயல் பூரா காஞ்சுபோச்சு. அவர எங்க மாத்துனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

அவர் சொன்னதும் பொய்யில்லை. திறந்துவிட்ட தண்ணீரைத் திரும்ப அள்ள முடியாது. சக்கரம் விவாதிக்கவில்லை, விவாதிக்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும். மதகுக் கோபுரத்துக்கு ஓடினார்.

மதகு இயக்குபவர் ஐம்பத்தேழு வயதுக்காரர். கையேட்டை மனப்பாடமாக வைத்திருப்பவர். சொந்தப் பிள்ளைகளின் பிறந்தநாள் நினைவில்லை, விதி எண்கள் நினைவிருக்கும். முழுவதையும் கேட்டார். பாட்டிலையும் பார்த்தார்.

"தங்கச்சி, எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா பதிவேட்டுல இருக்கறதுதான் தண்ணி. மத்ததெல்லாம் ஈரம்."

"அண்ணே, கரை கரைஞ்சுக்கிட்டு இருக்கு, நீங்க வசனம் பேசுறீங்க."

"விதி பதினாலு, கேளு. எண் போட்ட அளவிடத்துல கலங்கல்னு பதிவாகி, ஒரு நாளைக்குள்ள பத்து மில்லிமீட்டர் ஏறியிருந்தா, நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல. தொறந்துட்டுதான் போன் பண்ணணும். எண் இல்லாத தண்ணிக்கு நான் ஷட்டரத் தொட்டேன்னா, அப்படியே வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

"சரி. எண்ண யாரு போடுறது?"

மதகு இயக்குபவர் வாயைத் திறந்தார். கையேட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் புரண்டன. "அது எங்கயும் எழுதல" என்றார் கடைசியில்.

"இருக்கற மூணுக்கும் யாரு போட்டது?"

"பெயின்டர்."

சக்கரம் அதற்குள் படியில் பாதி இறங்கிவிட்டிருந்தார்.

வீட்டுக்கு ஐந்து நிமிடத்தில் வந்தது அதுவே முதல் முறை. பரணிலிருந்து ஒரு தகரப் பெயின்ட் டப்பாவை இழுத்துப் போட்டு, தையல் மேசையிலிருந்த பெரிய கத்தரியை எடுத்தார்.

"ஏய், அது துணி வெட்ற கத்தரி!"

"இன்னைக்குத் தகரம் வெட்டும்."

"அதுக்கு என் கழுத்தையே வெட்டியிருக்கலாம்."

"அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப இந்த ஓரத்தப் புடிங்க."

தையல்காரர் பிடித்தார். எதற்கு என்று கேட்டார்; சக்கரம் சொன்னார், வெட்டிக்கொண்டே. கேட்டு முடித்ததும் கணவர் மெஷினை விட்டு எழுந்தார். முழங்கால் கடகடவென்றது. மூலைமட்டத்தை வைத்துக் கூம்பைச் சரியாகத் தொண்ணூறு பாகைக்குக் கோடு போட்டுக் கொடுத்தார். கோணல்மாணலாக வெட்டினால் அளவு செல்லாது என்பது இரண்டு பேர் தொழிலுக்கும் பொது. மூடியில் மிச்சமிருந்த நீலப் பெயின்ட்டால் ஒரு மூலையில் '4' என்று எழுதினார் சக்கரம். காயவைக்க நேரமில்லை, வழி நெடுக ஊதிக்கொண்டே ஓடினார்.

கொத்தனார் வாசற்படி உடைப்பில் தகட்டை நிறுத்தி இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்து அடைத்தார். "இத எந்தக் கோப்புல எழுதறது?" என்று கேட்டார். "பூச்சு வேலைன்னு எழுதுங்க" என்றார் சக்கரம்.

பன்னிரண்டு மணிக்குப் பதினெட்டு மில்லிமீட்டர். கலங்கல்.

ஒரு விதத்தில் அந்த நான்கு மணி நேரம்தான் அவர் வாழ்க்கையிலேயே கடினமான வேலை. ஏறாமல் இருந்தால் தான் பைத்தியக்காரி. ஏறினால் நான்காவது தெரு. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வாசலுக்கும் மரத்தடிக்கும் இடையில் நடந்தார். தனக்கே ஒரு அடி முன்னால் போய்விடுவார் போல அப்படி ஒரு நடை. கொத்தனார் எண்ணத் தொடங்கி, முந்நூறில் விட்டுவிட்டார்.

இரண்டு மணிக்கு இருபத்து மூன்று. பாட்டிலின் பின்னால் டேப்பின் எண்கள் இல்லை. டேப்பே மஞ்சளாக ஒரு நிழல்.

மூன்று மணிக்கு ஒரு முறை அளந்து, இருபத்தேழு என்று பார்த்தும் எழுதவில்லை. ஒன்பதுதான் ஏறியிருந்தது. பத்து வேண்டும். இன்னும் ஒரு மில்லிமீட்டர்தானே, எழுதிவிடுங்கள் என்றார் கொத்தனார். "இல்லாதத எழுதுனா அப்புறம் இருக்கறத யாரும் நம்ப மாட்டாங்க" என்றார் சக்கரம். கலங்கிய தண்ணீர் கண்முன்னால் ஓட, மாலை அளவுக்கு உரிய நான்கு மணிக்காகக் காத்திருந்தார்.

நான்கு பத்துக்கு முப்பத்தொன்று. எழுதினார். பதிவேட்டைக் கொண்டுபோய் மதகு இயக்குபவரின் மேசையில் விரித்து வைத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார், நேரத்தைப் படித்தார், கையெழுத்தைப் படித்தார். பிறகு எழுந்து ஷட்டர் பொத்தானை அழுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"யாரக் கேட்டுத் தொறந்தீங்க?" என்று பொறியாளர் அலறியது அறை முழுக்கக் கேட்டது.

"விதி பதினாலு சார். நாலாம் அளவிடம்."

"நாலாம் அளவிடம்னு ஒண்ணு கிடையவே கிடையாதேய்யா!"

"இருக்கு சார். எண் போட்டிருக்கு."

பொறியாளர் ஜீப்பில் பதிவறைக்கு வந்தார். தகட்டைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவர், தகட்டுக்குக் கீழே தண்ணீர் கொண்டுவந்து குவித்திருந்த வண்டலைப் பார்த்தார். ஒரு கைப்பிடி அளவுக்கு, கூம்பாக, அழகாக இருந்தது. குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அங்கேயே நின்று தொலைபேசியில், எல்லா மதகுகளையும் முழுதாகத் திறக்கச் சொன்னார். அதற்கு விதி எதையும் அவர் மேற்கோள் காட்டவில்லை.

நான்கு நாளில் மூன்று மீட்டர் இறங்கியது. அந்த நான்கு நாளும் சக்கரத்துக்குத் தெருவில் நல்ல வரவேற்பு. "தண்ணிய வீணாக்குன மகராசி போறா பாரு" என்றார் கீழ்வயல்காரர் ஒருவர், காதில் விழும்படியாக. "கோடையில குடத்தத் தூக்கிக்கிட்டு இவ வீட்டுக்குத்தான் போகணும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரி. தையல்காரரிடம் தைக்கக் கொடுத்த துணியை ஒருவர் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். கத்தரி மழுங்கிப்போனதால் அது எப்படியும் தாமதமாகத்தான் ஆகியிருக்கும் என்றார் கணவர்.

ஐந்தாம் நாள் பதிவறையின் பின்சுவரை இடித்துத் தோண்டினார்கள். கரைக்குள் ஒரு துளை போயிருந்தது. கொத்தனார் தோள் வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கத்துலேர்ந்து காத்து வருதுக்கா" என்றார். பொறியாளர் உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை வரை மதகுகள் மூடியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

அடுத்த மாதம் சக்கரத்துக்கு ஒரு விளக்கம் கேட்கும் குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி அளவிடம் ஏற்படுத்தியது, பணியிடத்தை விட்டு விலகியது, தரக் குறைவான தகடு பயன்படுத்தியது என மூன்று குற்றச்சாட்டுகள். பதிலை நின்றுகொண்டே எழுதினார்: மூன்றும் உண்மை. அவருக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. தகட்டின் கோணம் சரியாக இருந்ததாக ஆய்வுக்குழு குறிப்பிட்டிருந்தது. அதைத் தையல்காரர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆண்டறிக்கையில் இந்தச் சம்பவம் ஒரே வரியில் வருகிறது: "கண்காணிப்பு அமைப்பு உரிய நேரத்தில் செயல்பட்டதால் சேதம் தவிர்க்கப்பட்டது." அந்த அமைப்பு ஒரு திங்கட்கிழமை ஒரு தகர டப்பாவை வெட்டிப் பதிவறை வாசலில் வைத்து, நான்கு என்று எண் எழுதி, நான்கு மணி நேரம் அங்கேயே நடந்துகொண்டிருந்துவிட்டு, பதிவேட்டில் "முப்பத்தொன்று, கலங்கல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.